இரண்டு டம்ளர், ஒரு ரப்பர் கப்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1971ஆம் வருட வண்டி, மார்க் 2. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் சக்கரத்தில் பாதிவரை ஏறிவிட்டது. வடிந்த பிறகு வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் இஞ்சினைத்தான் விசாரித்தார்கள். இஞ்சின் சாவியைத் திருப்பியதும் ஓடியது. போனது பிரேக்.

டிரம் பிரேக் ஒரு மூடிய கிண்ணம். பெடலை மிதித்தால் வீல் சிலிண்டர் என்னும் சின்னக் குழாய், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால், பிறை வடிவ ஷூக்களைக் கிண்ணத்தின் உட்சுவரில் தள்ளி அழுத்தும். தண்ணீர் உள்ளே போக இடுக்கு இருக்கிறது. வந்த தண்ணீர் காய்வதற்குத்தான் வழியில்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீரோ வெறும் மழைத் தண்ணீர் அல்ல. கடல் உப்பு, சாக்கடை, மணலிப் பக்கத்து எண்ணெய் என்று எல்லாம் கலந்தது. டிரம்மைக் கழற்றியபோது ஷூ துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டிருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்குள் காவி நிறத்தில் சேறு. பிஸ்டனைச் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

இந்த வண்டியில் பிரேக் ஆயில் ஓடுவது ஒரே சுற்றில். இப்போதைய கார்களில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருக்கும். ஒன்று உடைந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்திவிடும். இதில் நான்கு சக்கரங்களில் எங்காவது ஒரு ரப்பர் கப் கிழிந்தால் பெடல் தரையில் போய் உட்கார்ந்துவிடும், பிறகு கை பிரேக்தான் துணை. எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் நாம் என்று போய்ப் பழகியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே மற்ற சாமான்களில் 'ஓடினால் போதும்' என்று இருக்கும் நான், பிரேக்கில் மட்டும் அப்படி இருப்பதில்லை.

மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. சாமான் கிடைக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. தேவைக்கு அதிகமாகவே கிடைக்கிறது. நாட்டில் இன்னும் ஓடும் அம்பாசிடர்களுக்காகவே சாமான் செய்து விற்கும் சிறு பட்டறைகள் எத்தனையோ. கடையில் கேட்டால் ஒரே சாமானை மூன்று விலையில் எடுத்து வைப்பார்கள். 'கம்பெனி சாமான்', 'ஒரிஜினல் மாதிரி', 'லோக்கல்' என்று அவற்றுக்குப் பெயர். என் சண்டை இந்த மூன்று பெயர்களோடுதான்.

நல்ல பிரேக் சாமானைத் தேடி நாம் வேறு ஊருக்குப் போகவேண்டியதே இல்லை. பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தொடங்கப்பட்டது பாடியில். சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இல் தொடங்கப்பட்டது, அதுவும் பாடியில். ரானேயின் பிரேக் லைனிங் தொழிற்சாலை அம்பத்தூரில். இந்தியாவின் கார்களையும் லாரிகளையும் நிறுத்துகிற பொருட்களில் பெரும்பங்கு எங்கள் வீட்டிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் உருவானது. ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் தொழிற்சாலையின் சாமான் பக்கத்துக் கடையில் இருக்கும் என்று ஆகாது. அந்தக் கம்பெனிகளின் பெயரில் போலிப் பெட்டி அச்சடிப்பவர்களும் இதே ஊரில்தானே இருக்கிறார்கள்.

முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். மோட்டார் உதிரிபாகம் என்றால் சென்னைக்காரர்கள் முதலில் சொல்லும் தெரு அது. ஒரு கடையில் முன் சக்கரத்துக்கான வீல் சிலிண்டர்கள் நான்கும் கொடுத்தார்கள். அம்பாசிடரில் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றும் ஒரு ஷூவைத் தள்ளும். வண்டி முன்னோக்கிப் போகும்போது டிரம்மின் சுழற்சியே இரண்டு ஷூக்களையும் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கும். அதனால்தான் மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் இல்லாமலேயே அந்தக் கனத்த வண்டி நிற்கிறது. பின்னோக்கி உருளும்போது அந்த உதவி இல்லை. பாலத்து ஏற்றத்தில் நின்று பின்னால் சரிய ஆரம்பித்தால் பெடலை இரண்டு மடங்கு மிதிக்கவேண்டியிருப்பது அதனால்தான். இப்படிப்பட்ட அமைப்பில் இடப்பக்கத்துச் சிலிண்டரும் வலப்பக்கத்துச் சிலிண்டரும் வேறு வேறு. கடைக்காரர் கொடுத்த நான்கும் இடப்பக்கத்தவை. சொன்னால், "அம்மா, வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் அனுப்புங்கள், அவர்களுக்குப் புரியும்" என்றார். மணலியில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ரப்பரையும் எண்ணெயையும் சோதித்தே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது புதுப்பேட்டை. அங்கே பிரித்துப்போட்ட வண்டிகளின் சாமான் கிடைக்கும். பழைய வார்ப்பு இரும்புச் சாமானுக்கு எனக்கு அங்கேதான் நம்பிக்கை. ஆனால் வெள்ளிப் பூச்சு அடித்துப் பளபளவென்று வைத்திருக்கும் எதையும் நான் தொடுவதில்லை. டிரம்முக்கும் சிலிண்டருக்கும் பூச்சு எதற்கு? மறைப்பதற்குத்தான். அங்கே டிரம் வாங்கும்போது பார்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, ஒரு கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. நல்ல டிரம் மணி அடிப்பதுபோல் நீளமாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். இன்னொன்று, உள் விளிம்பில் நகத்தை வைத்து இழுப்பது. ஷூ தேய்க்காத ஓரத்துக்கும் தேய்த்த இடத்துக்கும் நடுவே பெரிய படி இருந்தால் அந்த டிரம் ஏற்கெனவே நிறையத் தேய்ந்தது, சுவர் மெலிந்துவிட்டது. மெலிந்த டிரம் சூடாகும்போது விரிந்து வாயைத் திறக்கும், பெடல் கீழே இறங்கும். எனக்குப் பின் சக்கரத்துக்கு ஒரு டிரம் அங்கே கிடைத்தது. துரு மண்டியிருந்தது, ஆனால் ஒலித்தது.

இனி ரப்பருக்கு வருகிறேன். சொல்ல நினைத்ததே இதைத்தான்.

வீல் சிலிண்டருக்குள் பிரேக் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறிய ரப்பர் கப். மருந்து பாட்டில் மூடி அளவுகூட இருக்காது. உதடு மெல்லியதாக, கூர்மையாக, வெளிப்பக்கம் லேசாக விரிந்து இருக்கவேண்டும். பெடலை மிதித்தால் அழுத்தம் அந்த உதட்டைச் சுவரோடு ஒட்டவைக்கிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகுகிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கும் எல்லாச் சாமான்களும் கடைசியில் இந்தச் சில ரூபாய் உதட்டைத்தான் நம்பி இருக்கின்றன.

'பிரேக் ஆயில்' என்று நாம் சொல்வது எண்ணெயே அல்ல. அது கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். தண்ணீரோடு கலக்கும், பெட்ரோலிய எண்ணெயோடு சேராது. அதற்குத் தாக்குப்பிடிக்கும் ரப்பர் வேறு, இஞ்சின் ஆயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் ரப்பர் வேறு. இயற்கை ரப்பரும், செயற்கை ரப்பர்களில் எஸ்பிஆர், இப்போது அதிகம் வரும் ஈபிடிஎம் ஆகியவையும் பிரேக் ஆயிலில் நிம்மதியாக இருக்கும். இஞ்சின் ஆயிலோ கிரீஸோ மண்ணெண்ணெயோ பட்டால் ஊதிப்போகும். நைட்ரைல் என்னும் இன்னொரு செயற்கை ரப்பர் நேர்மாறு. இஞ்சின் ஆயிலில் வருடக்கணக்கில் கிடக்கும். பிரேக் ஆயிலில் ஊறிக் கெட்டுப்போகும். ஆயில் சீல் எல்லாம் பெரும்பாலும் நைட்ரைல்தான். ஒரு சிறு பட்டறையில் ஆயில் சீலுக்குக் கலந்த கலவை மிச்சம் இருந்தால் அதிலேயே பிரேக் கப்பையும் அச்சில் ஊற்றிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். இரண்டும் கறுப்பு. இரண்டும் வழவழப்பு. விரலால் அழுத்திப் பார்த்து எந்த மெக்கானிக்காலும் வித்தியாசம் சொல்லமுடியாது.

ஆனால் வீட்டில் கண்டுபிடித்துவிடலாம். தூக்கிப்போடவேண்டிய இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் விஷம், பிறகு அந்த டம்ளரைச் சமையலறைக்குள் கொண்டுபோகக்கூடாது. ஒன்றில் புது பிரேக் ஆயில், இன்னொன்றில் இஞ்சின் ஆயில். கடையில் பொட்டலமாக விற்கும் ரப்பர் கிட்டில் இருக்கும் கப்புகளில் ஒன்றைப் பலி கொடுத்து, பிளேடால் இரண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு பாதியைப் போட்டு, மூடிவைத்து, மாடியில் வெயில் படும் இடத்தில் இரண்டு மூன்று நாள் விடவேண்டும். பிறகு துடைத்து, இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நல்ல கப் என்றால், இஞ்சின் ஆயிலில் கிடந்த பாதி பருத்து, உதடு தொளதொளத்து, நகம் வைத்தால் பள்ளம் விழும் அளவுக்கு ஊறியிருக்கும். பிரேக் ஆயிலில் கிடந்த பாதி போட்டபடியே இருக்கும். வெர்னியரில் அளந்தால் ஒரு மயிரிழை கூடியிருக்கலாம், அது சரிதான். நைட்ரைல் கப்பில் இது தலைகீழ். இஞ்சின் ஆயிலில் கிடந்தது சிரித்துக்கொண்டிருக்கும், பிரேக் ஆயிலில் கிடந்தது ஊதியிருக்கும். அந்தக் கிட்டை அப்படியே குப்பையில் போடவேண்டியதுதான். வண்டியில் போட்டிருந்தால், சில மாதத்தில் கப் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்; காலை எடுத்தாலும் பிரேக் விடாது, சக்கரம் சூடேறும்; அல்லது உதடு குழைந்து ஒழுகும்.

நான் மூன்று விலைகளிலும் ஒவ்வொரு கிட் வாங்கிச் சோதித்தேன். மிக மலிவானது தேறியது. பளபளக்கும் ஒட்டுச்சீட்டோடு, நன்கு தெரிந்த ஒரு பெயரை ஓர் எழுத்து மட்டும் மாற்றி அச்சடித்திருந்த பெட்டியில் வந்தது தேறவில்லை. விலையை வைத்து எதையும் சொல்லமுடியாது என்பதற்கு இதைத் தவிர வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று, 'பழைய இருப்பு' மயக்கம். 1980களில் பெட்டியோடு வந்து அலமாரியில் தூங்கிய கம்பெனி சிலிண்டர் கிடைத்தால் நம்மவர்கள் புதையல் எடுத்ததுபோல் ஆகிவிடுகிறார்கள். பாதி சரிதான். வார்ப்பும் கடைசலும் இன்றைய சாமானைவிடச் சுத்தமாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பருக்கு வயது நாற்பது. லேசாக நீட்டிப் பாருங்கள், உதட்டில் கோடு கோடாக வெடிப்பு தெரியும். பழைய இருப்பில் சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொண்டு ரப்பரைப் புதிதாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம். விலையைப் பேசும்போதும் அந்தக் கணக்கில்தான் பேசவேண்டும். கடைக்காரர் 'சீல் பிரிக்காத பெட்டி' என்று விலையை ஏற்றுவார். சீல் பிரிக்காமல் இருந்ததுதான் குறை என்று சொல்லிப் பாருங்கள், முறைப்பார்.

கப் வாங்கும்போது அளவிலும் கவனம் வேண்டும். இது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த வண்டி. எல்லாம் அங்குலக் கணக்கு. முக்கால், ஏழு எட்டாம் பாகம், ஒன்று என்று போகும். ஏழு எட்டாம் பாகம் அங்குலம் என்றால் 22.2 மில்லிமீட்டர். அதற்கு 22 மில்லிமீட்டர் கப்பை 'அதுவும் இதுவும் ஒன்றுதான்' என்று கொடுப்பார்கள். ஒன்றல்ல. ரப்பர் சாமானில் அந்த வித்தியாசத்தில்தான் ஒழுகலே இருக்கிறது. குழாயின் நட்டிலும் இதே கதை. மெட்ரிக் மரை வெட்டிய துளையில் அங்குல நட்டு கொஞ்சம் லூசாக ஏறிவிடும். ஏறிவிட்டதே என்று இறுக்கினால் மரை வழன்றுவிடும்.

என் பழைய சிலிண்டர்களைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொன்னவர் எங்கள் மெக்கானிக் பாய். எம்.சி. ரோட்டின் பின்புறச் சந்தில் பட்டறை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணி வாங்கும் கூட்டத்தில் அங்கே சைக்கிள்கூட நுழையாது, ஆகவே அந்தச் சமயத்தில் அவர் புது வண்டி எதையும் எடுப்பதில்லை. அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர். சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். சுவரில் அம்மைத் தழும்புபோல் குழி.

"இதை ஹோனிங் பண்ணினால், அதாவது உள்ளே தேய்த்து வழவழப்பாக்கினால், குழி போகாது அம்மா, துளைதான் பெரிதாகும். உள்ளே ஸ்லீவ், ஒரு ஸ்டீல் உறை போட்டால் உங்கள் காலத்துக்கும் ஓடும்," என்றார்.

"யார் போடுவார்கள் பாய்?"

"படகுக்காரர்களுக்குப் போடுகிறவர்தான்."

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. காசிமேட்டு விசைப்படகுகளின் கடல்நீர்ப் பம்புகளும் ஷாஃப்டுகளும் அங்கே வரிசையில் கிடக்கும். உப்புத் தண்ணீரில் இரும்பு என்ன பாடுபடும் என்பது அவர்களுக்குத் தினசரிச் சோறு. சிலிண்டரை நீட்டியதும் லேத்காரர் கேட்ட முதல் கேள்வியே, எந்த ஸ்டீல் வேண்டும், 304ஆ 316ஆ என்பதுதான். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

வேலையை அருகில் நின்று பார்த்தேன். முதலில் சிலிண்டரின் உட்சுவரைக் குழிகள் மறையும்வரை கடைந்து பெரிதாக்கினார். அதற்குள் இறுக்கமாக உட்காரும்படி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைக் கடைந்து, பசை தடவி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். பிறகு ஆயில் வரும் துளையையும் காற்று எடுக்கும் துளையையும் வெளிப்பக்கத்திலிருந்து ஸ்லீவ் வழியாகத் துளைத்தார். கடைசியில் உள் அளவைப் பழைய அங்குல அளவுக்கே கொண்டுவந்து ஹோனிங். பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, சிலிண்டருக்குள் விட்டு, மெல்லச் சுழற்றி வெளியே இழுத்தார். துளையின் ஓரத்தில் பஞ்சின் ஒரு நூல் மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரியாத பிசிறு. "பஞ்சைப் பிடிப்பது ரப்பரையும் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டு, மிக மெல்லிய எமரித்தாளால் அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி பஞ்சு, மறுபடி தேய்ப்பு. பஞ்சு எதிலும் சிக்காமல் வந்தபிறகுதான் கையில் கொடுத்தார். புதிதாக வாங்கிய சிலிண்டர் ஒன்றையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் பஞ்சு மூன்று இடத்தில் மாட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பெடலின் அழுத்தத்தை எல்லாச் சக்கரங்களுக்கும் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு மட்டும் இந்த வைத்தியத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் சுவரில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். காலை எடுத்தபிறகு ஆயில் தொட்டிக்குத் திரும்பிப்போவது அதன் வழியாக. அது மிகச் சிறியது. இருக்கவேண்டிய இடத்தில் துல்லியமாக இருக்கவேண்டும். கப்பின் உதடு அதன் மேலேயே போய் வருகிறது. ஸ்லீவ் போட்டு அந்தத் துளையை மறுபடி போடும்போது ஒரு நூல் தள்ளிப்போனாலும் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். ஆகவே மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக, ஆள் தெரிந்த அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம், பில்லோடு வாங்கினேன். அதையும் கழற்றி, பஞ்சு விட்டுப் பார்த்துத்தான் பூட்டினோம். சந்தேகப்புத்தி என்று பாய் சிரித்தார். ஆனால் குச்சியைத் தயாராக எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

ரப்பரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டேன். நம் பட்டறைகளில் எந்தச் சாமானைக் கழற்றினாலும் முதலில் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ முக்கிக் கழுவுவார்கள். பிரேக் சாமானில் அது கூடவே கூடாது. சிலிண்டரை ஸ்பிரிட்டால் கழுவிக் காயவிட்டு, கப்பைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பூட்டவேண்டும். சாதாரண கிரீஸைத் தடவினாலும் ஆபத்து. அந்தக் காலத்தில் பிரேக் ஆயிலே ஆமணக்கு எண்ணெயில் ஆல்கஹால் கலந்து செய்ததுதான். இயற்கை ரப்பரை ஆமணக்கு எண்ணெய் ஒன்றும் செய்யாது. பாதிவழியில் பிரேக் ஆயில் தீர்ந்தால் விளக்கெண்ணெய் ஊற்றி வீடுவரை வந்த பழைய டிரைவர்களின் கதையை அப்பா சொல்வார். நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இப்போது யாரும் முயலவேண்டாம்.

ஷூவின் மேல் டிரம்மோடு உராயும் பட்டைதான் லைனிங். அந்த வேலை மாதவரத்தில் முடிந்தது. லாரி நிலையம் இருக்கும் இடம் என்பதால் ஷூவுக்கு லைனிங் ரிவெட் அடிப்பவர்கள் அந்தப் பக்கம் உண்டு. புது ஷூவை வாங்காமல் பழைய ஷூவையே கொடுத்தேன். சந்தையில் கிடைக்கும் புது ஷூக்கள் சிலவற்றில் தகடு மெலிந்து, வளைவு டிரம்மோடு பொருந்தாமல் இருக்கிறது; பழைய ஷூவின் தகடு அப்படியே இருந்தது. லைனிங்கின் ஓரத்தில் அச்சடித்த எழுத்துகளைப் பாருங்கள். கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு உராய்வு என்பதைக் குறிக்கும், இரண்டாவது அதிகச் சூட்டில். 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. எனக்கு வேண்டியது 'எஃப்எஃப்'. முதல் எழுத்து அதிக உராய்வையும் இரண்டாவது குறைந்த உராய்வையும் காட்டும் லைனிங் தண்டையார்பேட்டையில் நன்றாகப் பிடிக்கும், திருமலையிலிருந்து இறங்கும்போது கைவிட்டுவிடும். எழுத்தே இல்லாத லைனிங்கை நான் வாங்குவதில்லை.

ரிவெட் அடிப்பவர் வயதானவர். நடு ரிவெட்டில் தொடங்கி இரண்டு ஓரங்களை நோக்கிப் போனார். அப்படி அடித்தால்தான் லைனிங் நடுவில் தூக்காமல் தகட்டோடு படியும். முடித்தபின் டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, ஷூவை வைத்து ஆட்டிப் பார்த்தோம். வெள்ளை முழுவதும் ஒட்டினால் வளைவு சரி. ஓரத்தில் மட்டும் ஒட்டியது. கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்தார். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் பூட்டிவிட்டு, 'புது லைனிங் செட் ஆக நாள் ஆகும்' என்று சமாதானம் சொல்பவர்கள் அதிகம்.

பழைய லைனிங் தூளை யாரும் வாயால் ஊதவேண்டாம், காற்றுக் குழாயாலும் அடிக்கவேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பாய் பட்டறையில் இதைச் சொல்லிச் சொல்லி இப்போது பையன்களே தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் டிரம்மைத் திறக்கிறார்கள், குறைந்தபட்சம் நான் இருக்கும்போது.

சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் வளையும் குழாயான ஹோஸ் பற்றிச் சுருக்கமாக. வெளியே நன்றாக இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தால் சிலிண்டரைத் திட்டுவதற்குமுன் ஹோஸை மாற்றுங்கள். உற்பத்தி ஆண்டு அச்சிடப்படாத ஹோஸ் வேண்டாம்.

இரும்புக் குழாய்தான் எங்கள் பக்கத்துக்குப் பெரிய தலைவலி. கடற்காற்று அதை வெளியிலிருந்து தின்கிறது. என் வண்டியின் பின் அச்சுக்குப் போகும் குழாயைத் துணியால் துடைத்தபோது செதிள் செதிளாக உதிர்ந்தது. பல பட்டறைகளில் ஏ.சி. வேலைக்கு விற்கும் வெறும் செம்புக் குழாயைப் போட்டுவிடுகிறார்கள். வளைப்பதற்கு எளிது, துருவும் பிடிக்காது. ஆனால் வண்டியின் அதிர்வில் செம்பு இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். போடவேண்டியது செம்பும் நிக்கலும் சேர்ந்த உலோகக் குழாய். செம்பு தொண்ணூறு பங்கு, நிக்கல் பத்து. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்படும் அதே கலவை. ஆகவே காருக்குச் சாமான் விற்கும் கடையில் தேடாமல் செம்புதாஸ் தெருவிலும் மண்ணடியிலும் கப்பல் வேலைக்குச் சாமான் கொடுக்கும் கடைகளில் விசாரித்தேன். மூன்று பதினாறாம் பாகம் அங்குலம் என்றதும் முதலில் உதட்டைப் பிதுக்கினார்கள். வரவழைத்துக் கொடுக்க ஒருவர் ஒப்புக்கொண்டார், முழுச் சுருளாக வாங்குவதானால் என்ற நிபந்தனையோடு.

கடைசியாக ஊற்றும் ஆயில். டப்பாவில் 'டாட்' என்று போட்டிருப்பது அதன் தர வகை. டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, சுமார் 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சியபிறகு 140 ஆனாலும் தரவிதி அதை ஏற்கிறது. டாட் 4க்கு 230, 155. தண்ணீரை உறிஞ்சுவது அதன் குணம்; நம் ஊர்க் காற்றில் அதற்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. திறந்து பாதி தீர்ந்த டப்பாவைப் பட்டறை அலமாரியிலிருந்து எடுத்தால் நான் கையைப் பிடித்துவிடுவேன். நான் டாட் 4 ஊற்றுகிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுகிறேன். டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிக்கோன். பழைய ஆயிலோடு சேராது. டாட் 5.1 என்பது வேறு, அது கிளைக்கால்தான். பெயர் வைத்தவர்களைப் பிடித்துக் கேட்கவேண்டும்.

டிஸ்க் பிரேக் மாற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியும், செய்பவர்களும் இருக்கிறார்கள். முன் அச்சின் கணக்கு, மாஸ்டர் சிலிண்டரின் அளவு, சக்கரம் எல்லாம் சேர்ந்து மாறவேண்டும். டிஸ்க்கைக் கவ்வும் காலிபரை மட்டும் பற்றவைத்துப் பூட்டிய ஒரு வண்டியை நான் பார்த்தேன், அதில் ஏறமாட்டேன். இந்த டிரம்களே சரியாக இருந்தால் இந்த வண்டி போகும் வேகத்துக்குப் போதும். இப்போது மிதித்தால் பெடல் பாதியில் நின்றுவிடுகிறது, ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தாலும் வண்டி எந்தப் பக்கமும் இழுப்பதில்லை.

செம்பு நிக்கல் சுருளில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமானால் வாங்கிய விலைக்கே தருகிறேன், பாய் பட்டறையில் கேட்டால் போதும். நுனியை மடிக்கும் பிளேரிங் கருவியும் இருக்கிறது. அது இரவல்தான், திருப்பித் தரவேண்டும். மடிக்கும்போது இரட்டை மடிப்பாக மடியுங்கள், ஒற்றை மடிப்பு போதும் என்பவர்களுக்குக் குழாய் கிடையாது.